தரையிலிருந்து பதினைந்து மீட்டர்

இந்த நோட்டில் எழுத நினைத்திருப்பவை:

1. மணல்மேடு குடியிருப்பின் இன்றைய நிலை. ஐந்து கட்டடங்கள். ஒவ்வொன்றிலும் தரைத்தளமும் மூன்று மாடிகளும். மொத்தம் நூற்றிருபது வீடுகள்.

2. இதை இடித்துவிட்டு வரப்போகிறவை. சாலைப் பக்கம், விற்பனைக்காக, இருபத்து நான்கு மாடியில் இரண்டு கோபுரங்கள். ஆற்றுப் பக்கம், நமக்காக, பத்து மாடியில் ஒரு கட்டடம்.

3. ஆற்றங்கரையில் கட்டடம் எவ்வளவு உயரம் இருக்கலாம் என்பது. இதுவே முக்கியம். என் கருத்து: சாலையிலிருந்து ஆற்றை நோக்கி உயரம் இறங்கி வர வேண்டும். கரையில் ஒரு பனைக்கு மேல் கூடாது.

4. புதிய வீடு பழைய வீட்டைவிடச் சிறியதாக இருக்கக் கூடாது.

5. ஆற்றின் தினசரி மட்டம். இதற்கும் மேலே உள்ளவற்றுக்கும் தொடர்பில்லை. பழக்கத்தால் எழுதுகிறேன்.

முப்பத்தொரு ஆண்டுகள் ஆவண அறையில் கட்டட வரைபடங்களுக்கு எண் போட்டு அடுக்கியவன் நான். அவற்றை வரைந்தவனும் அல்ல, அனுமதித்தவனும் அல்ல. ஆகவே இவற்றில் பிழை இருக்கலாம்.

ஜூலை 3

ஆற்றுப் படித்துறையில் தண்ணீருக்கு மேல் தெரியும் படிகள்: ஒன்பது.

சங்கக் கட்டடத்தில் புதிய திட்டத்தின் மாதிரியைக் கொண்டுவந்து வைத்தார்கள். கேரம் பலகையைப் போல இரண்டு மடங்கு. ஆற்றுக்கு நீலக் கண்ணாடித்தாள் ஒட்டியிருந்தார்கள். கோபுரங்கள் என் மார்பு வரை வந்தன. கட்டுமான நிறுவனத்தின் பொறியாளர் சம்யுக்தா என்ற பெண், இருபத்தெட்டு வயது இருக்கும், பொறுமையாக விளக்கினார். மாதிரிக்குள் நெல்மணி அளவில் மனிதர்கள் நின்றிருந்தார்கள். ஒருவருக்கும் முகம் இல்லை.

என் மனைவி ரஞ்சிதம் குனிந்து பார்த்தாள். "இதுல நம்ம வீடு எதும்மா?"

"இந்த ஆத்துப் பக்க பில்டிங் ஆன்ட்டி. பத்து மாடி. கீழே தூண்கள் மட்டும்தான், பார்க்கிங். அதுக்கு மேல பத்து."

"பத்தாவது மாடி குடுத்தா நான் செத்தாதான் கீழ இறங்குவேன். இப்ப மூணுக்கே முட்டி பேசுது."

எல்லாரும் சிரித்தார்கள். எனக்கு மாதிரியைவிட்டுக் கண் எடுக்க முடியவில்லை. ஜன்னல் வெளிச்சத்தில் அந்தக் கோபுரங்களின் நிழல் மொத்தக் குடியிருப்பையும் தாண்டி, ஆற்றையும் தாண்டி, மேசை விளிம்பில் போய் மடிந்து தரையில் விழுந்திருந்தது. கேள்வி கேட்க வேண்டும் என்று இரண்டு முறை கையைத் தூக்கினேன். இரண்டு முறையும் தலையைச் சொறிந்துகொண்டேன்.

ஜூலை 5

ஒன்பது படிகள்.

கரையில் ஒற்றைப் பனை நிற்கிறது. காலை ஒன்பதே முக்காலுக்கு அதை அளந்தேன். ஒரு மீட்டர் குச்சியின் நிழல் அறுபத்திரண்டு சென்டிமீட்டர். பனையின் நிழல் ஒன்பது மீட்டர் நாற்பது. வகுத்தால் பதினைந்து மீட்டர் பதினாறு சென்டிமீட்டர் வருகிறது. மூன்று முறை வகுத்துப் பார்த்தேன்.

குச்சியைப் பிடித்துக்கொண்டு நின்றவர் தேவசகாயம். எங்கள் கட்டடத்தின் தரைத்தளத்தில், தன் வீட்டின் முன்னறையிலேயே தையற்கடை வைத்திருக்கிறார். வலது கால் சூம்பியது.

"பனைக்குச் சட்டை தைக்கிறீங்களா சார்? துணி எம்புட்டு ஆவும்னு சொல்லவா?"

"உயரம் பார்க்கிறேன். இதுக்கு மேல கட்டடம் வந்தா காத்து வராது, வானம் தெரியாது. ஆத்தங்கரைக்கு ஒரு அளவு வேணும் இல்லியா?"

"அளவெல்லாம் நீங்க கரெக்டா எடுப்பீங்க சார்" என்றார். பிறகு குச்சியை என்னிடம் கொடுத்துவிட்டுக் கடைக்குள் போய்விட்டார்.

ஜூலை 6

ஒன்பது. கேஸ் சிலிண்டர் வந்தது.

ஜூலை 19

கருத்துக் கேட்புக் கூட்டம். எங்கள் சங்கச் செயலாளர் பவுனம்மா ஜெராக்ஸ் கடை நடத்துபவர். யாரையும் விடமாட்டார். "எழுதி எழுதி வெச்சிருக்கீங்கல்ல சார், எழுந்திருங்க" என்று என் முழங்கையைப் பிடித்துத் தூக்கி நிறுத்திவிட்டார்.

என்ன பேசினேன் என்று முழுதாக நினைவில்லை. ஆற்றுக்கும் ஊருக்கும் நடுவில் சுவர் வைக்காதீர்கள், உயரம் படிப்படியாக இறங்கட்டும், கரையில் ஒரு பனைக்கு மேல் வேண்டாம் என்றேன்.

மேடையில் இருந்த அதிகாரி பேனாவை எடுத்தார். "ஒரு பனைன்னா எத்தனை மீட்டர்?"

"பதினஞ்சு சார். அளந்திருக்கேன்."

"எங்கேர்ந்து பதினஞ்சு? தரைமட்டத்திலேர்ந்தா, தூண் முடியற இடத்திலேர்ந்தா?"

இப்படி ஒரு கேள்வி வரும் என்று நான் நினைத்திருக்கவில்லை. "தரையிலேர்ந்துதான் சார். பனை தரையிலேர்ந்துதானே வளருது" என்றேன்.

கூட்டம் கைதட்டிச் சிரித்தது. அதிகாரியும் சிரித்தார், எழுதிக்கொண்டார். சம்யுக்தா எழுந்து ஏதோ சொல்ல முயன்றார். கைதட்டலில் கேட்கவில்லை.

நான் சொன்ன ஒன்றுக்கு நாலு பேர் கைதட்டுவது இந்த எழுபத்து நான்கு வயதில் இதுவே முதல் முறை. இதை எழுதுவது தற்பெருமையா என்று யோசித்தேன். எழுதிவிட்டேன்.

ஆகஸ்ட் 11

ஒன்பது.

குடியிருப்பு வாசலில் துணிப் பதாகை கட்டியிருக்கிறார்கள்: "ஆற்றங்கரையில் ஒரு பனை உயரம்! அதற்கு மேல் வேண்டாம்!" பால் வாங்கப் போன இடத்தில், "பனை சாருக்கு ரெண்டு பாக்கெட் எடு" என்றார் கடைக்காரர். ரஞ்சிதத்திடம் சொன்னேன். "நல்ல வேளை, புளியமரத்தை அளக்கலை" என்றாள்.

ஆகஸ்ட் 28

ஆணை வந்துவிட்டது. ஆற்றிலிருந்து அறுபது மீட்டருக்குள் எந்தக் கட்டடமும் தரைமட்டத்திலிருந்து பதினைந்து மீட்டருக்கு மேல் போகக் கூடாது. நூற்றிருபது குடும்பங்களுக்கும் அதே இடத்தில் வீடு உண்டு. பவுனம்மா ரவா லட்டு கொண்டுவந்தார்.

"இவ்ளோ நாளா எங்கே சார் இருந்தீங்க?"

"மூணாவது மாடியில" என்றாள் ரஞ்சிதம்.

செப்டம்பர் 9

எட்டு படிகள்.

திருத்திய வரைபடம் வந்தது. சாப்பாட்டு மேசையில் விரித்துப் பார்த்தேன். ஆற்றுப் பக்கக் கட்டடம் ஐந்து தளங்கள், தளத்துக்கு இருபத்து நான்கு வீடுகள். முன்பு பத்து மாடி, மாடிக்குப் பன்னிரண்டு. இரண்டும் நூற்றிருபதுதான், கணக்கு சரி. ஐந்து தளம், தளத்துக்கு மூன்று மீட்டருக்குக் கொஞ்சம் குறைவு, அடிமேடையோடு சேர்த்துப் பதினைந்து. அதுவும் சரி. உயரம் குறைந்ததால் கட்டடம் அகலமாகியிருக்கிறது. முன்பைவிடப் பதினோரு மீட்டர் ஆற்றை நெருங்கி வந்திருக்கிறது.

பழைய வரைபடத்தில் கட்டடத்தின் அடியில் தூண்களுக்கு நடுவே சின்னச் சின்னக் கார்கள் வரைந்திருந்தார்கள். புதியதில் கார்கள் இல்லை. அந்த இடத்தில் கதவுகள் இருக்கின்றன.

கண்ணாடியின் பவர் மாற்ற வேண்டும் போலிருக்கிறது. வரைபடத்தைச் சுருட்டி வைத்துவிட்டுக் கறிவேப்பிலை வாங்கப் போனேன்.

செப்டம்பர் 10

எட்டு. வரைபடத்தை எடுக்கவில்லை.

செப்டம்பர் 17

எட்டு.

வீடு ஒதுக்கும் விதி அறிவித்தார்கள். எழுபது வயதைக் கடந்தவர்கள், நடக்க முடியாதவர்கள், இவர்களுக்கெல்லாம் தரைத்தளம். எங்களுக்குத் தரைத்தளம் நான்காம் எண். தேவசகாயத்துக்கு ஐந்து.

ரஞ்சிதம் இவ்வளவு மகிழ்ந்து நான் பார்த்துப் பல வருடங்கள். முழங்கால் வலி வந்ததிலிருந்து அவள் வாரத்துக்கு ஒரு முறைதான் கீழே இறங்குகிறாள். "வாசல்ல உக்காந்து கீரை ஆயலாம். யாராச்சும் போனா கூப்பிட்டுப் பேசலாம். பதினாலு வருஷமா ஜன்னல் கம்பி வழியா கத்திக்கிட்டு இருக்கேன்." பிறகு, "எல்லாம் உங்க பனையாலதான்" என்று என் தோளைத் தட்டினாள்.

மாலையில் தேவசகாயத்திடம் சட்டைப் பொத்தான் தைக்கக் கொடுத்தேன்.

"பக்கத்துப் பக்கத்து வீடு ஆயிட்டோம்" என்றேன்.

அவர் ஊசியில் நூல் கோத்துக்கொண்டே, "கீழ் வீடு எனக்குப் புதுசில்ல சார். உங்களுக்குத்தான் புதுசு" என்றார்.

வெள்ளம் வந்த ஆண்டைப் பற்றி எழுத இந்த நோட்டில் இடம் ஒதுக்கவில்லை.

அக்டோபர் 2

ஏழு படிகள்.

தேவசகாயம் தேவாலயத்துக்குப் போயிருந்தார். கடைச் சாவியை எங்களிடம்தான் கொடுத்துவிட்டுப் போவார். பொத்தான் தைத்த சட்டையை எடுக்க உள்ளே போனேன். அளவு நாடா மேசையிலேயே கிடந்தது. சுவரில் மாட்டியிருந்த பெரிய காலண்டரை விலக்கினேன். அதற்குப் பின்னால் பழுப்பாக ஒரு கோடு. எத்தனை முறை வெள்ளையடித்தும் மேலே வருகிற கோடு.

தரையிலிருந்து நூற்று எழுபத்திரண்டு சென்டிமீட்டர்.

புதிய வரைபடத்தில் தரைத்தளம் இப்போதைய தரையைவிட நாற்பத்தைந்து சென்டிமீட்டர் உயரம் என்று போட்டிருக்கிறது. இந்த இரண்டு எண்களையும் ஒரே பக்கத்தில் எழுத வேண்டாம் என்று முதலில் நினைத்தேன். பிறகு எழுதிவிட்டேன். கழிக்கவில்லை.

அக்டோபர் 3

கழித்தேன். நூற்று இருபத்தேழு. ரஞ்சிதத்தின் தோள் வரை. படுத்திருப்பவருக்கு எவ்வளவு என்று எழுத வேண்டியதில்லை.

அக்டோபர் 9

ஏழு.

ஒரு வாரம் தயங்கி, சம்யுக்தாவுக்கு போன் செய்தேன்.

"ஏம்மா, கீழே தூண் வெச்ச தளம் எங்கே போச்சு?"

"அங்கிள், நீங்கதானே பதினஞ்சு மீட்டர் தரையிலேர்ந்துன்னு சொன்னீங்க. தூணுக்கு ஒரு தளம் போனா மேல நாலுதான் வரும். தொண்ணூத்தாறு வீடு. மீதி இருபத்து நாலு குடும்பத்தை ஊருக்கு வெளியேதான் அனுப்பணும். அது கூடாதுன்னு ஆர்டர்ல இருக்கு. அதனால தூணை எடுத்துட்டாங்க."

"பார்க்கிங்தானே போச்சு?"

"பார்க்கிங்னு பேரு. தண்ணி வந்தா அடியில ஓடிப் போகட்டும்னுதான் அதை வெச்சோம். அன்னைக்கு மீட்டிங்ல சொல்லத்தான் எழுந்தேன். யாரும் கேக்கலை. அப்புறம் ஃபைல்ல எழுதியும் வெச்சேன். 'குடியிருப்போர் கோரிக்கைப்படி' நீக்கப்பட்டதுன்னு முடிச்சிட்டாங்க."

"இப்ப மாத்த முடியுமா?"

"கோரிக்கை வெச்சவங்க வாபஸ் வாங்கினா மறுபடியும் எடுப்பாங்க. சம்மதக் கையெழுத்துக்கு முன்னாடி. நவம்பர் பன்னெண்டு." குரலைத் தாழ்த்தினார். "நான் சொன்னேன்னு சொல்லாதீங்க அங்கிள்."

அக்டோபர் 20

ஆறு. மழை. இன்று பவுனம்மாவிடம் சொல்ல நினைத்தேன். கடையில் கூட்டம்.

அக்டோபர் 21

ஆறு. கடையில் கூட்டம் இல்லை. நானும் போகவில்லை.

அக்டோபர் 27

சங்கத்தின் ஆண்டு விழா. எனக்குப் பொன்னாடை போர்த்தினார்கள். இரண்டு வார்த்தை பேசச் சொன்னார்கள். இரண்டு வார்த்தைதான் பேசினேன்: மிக்க நன்றி.

முன்வரிசையில் தரைத்தளம் கிடைத்தவர்களை உட்கார வைத்திருந்தார்கள். இருபத்து நான்கு குடும்பங்கள். இருபது ஊன்றுகோல் எண்ணினேன். சக்கர நாற்காலிகள் மூன்று. பொன்னாடையை மடித்து பீரோவின் அடித்தட்டில் வைத்தேன்.

நவம்பர் 4

ஐந்து படிகள்.

பவுனம்மாவிடம் சொல்லிவிட்டேன். ஜெராக்ஸ் இயந்திரம் ஓடிக்கொண்டே இருந்தது. அவர் அதை நிறுத்தினார்.

"இப்ப வந்து சொல்றீங்களே சார். பாதிப் பேரு வாடகைக்கு வீடு பாத்துட்டாங்க. உயரத்தை மறுபடி தொறந்தா எல்லாத்தையும் தொறப்பானுங்க. முப்பது கிலோமீட்டர் தள்ளி எங்கியாச்சும் தூக்கி எறிவானுங்க. புள்ளைங்க இஸ்கூலு? வேலை?"

"தண்ணி வந்தா..."

"வராது சார்! கரையை ஒசத்தறாங்க, தூர் வாரறாங்க. நீங்க வேற. அன்னைக்கு வராதுன்னு சொன்னதும் நீங்கதான், வந்துச்சு. இன்னிக்கு வரும்னு சொல்றதும் நீங்கதான்." சொல்லி முடித்ததும் அவருக்கே சங்கடமாகிவிட்டது. "சாரி சார். வாய்ல வந்துருச்சு. டீ சாப்பிடறீங்களா?"

சாப்பிட்டேன்.

நவம்பர் 8

நான்கு படிகள். காலையிலிருந்து விடாத மழை.

தேவசகாயத்தின் கடைக்குப் போனேன். எல்லாவற்றையும் வரிசையாகச் சொன்னேன்: தூண், தளம், பதினைந்து மீட்டர், நூற்று இருபத்தேழு சென்டிமீட்டர். அவர் தையல் இயந்திரத்திலிருந்து கையை எடுக்கவில்லை.

"காலண்டரை நகத்திப் பாத்தது நீங்கதானா சார்? ஆணி ஆடிட்டு இருந்துச்சு. எலின்னு நெனச்சேன்."

"மன்னிக்கணும்."

"அது இருக்கட்டும்." சக்கரத்தைக் கையால் நிறுத்தினார். "வெள்ளம் வந்த அன்னைக்கு மத்தியானம் நான் கேட்டேன். அம்மாவை மேல தூக்கிட்டுப் போயிடவா சார்னு. நீங்க மாடியிலேர்ந்து எட்டிப் பாத்து, ரெண்டு படி தெரியுது, நாப்பது வருஷக் கணக்குல அதுக்கு மேல வந்ததே இல்லைன்னு சொன்னீங்க. உங்க கணக்கு தப்பில்ல சார். அதுவரைக்கும் வந்ததில்லதான்."

அவர் ஊசியை எடுத்துத் துணியில் குத்தி வைத்தார்.

"நான் இதை யாருகிட்டயும் சொன்னதில்ல. ஊருக்கே தெரியும், ஆனா நான் சொன்னதில்ல. ஒண்ணே ஒண்ணு. அன்னைக்கு மேலேர்ந்து சொன்னீங்க. இதைக் கீழ எறங்கி வந்து சொல்லியிருக்கீங்க. அதே மாதிரி எல்லார்கிட்டயும் சொல்லிடுங்க."

இடமில்லை என்று எழுதியிருந்தேன். எழுதியாகிவிட்டது. அவர் தாயின் பெயர் சூசையம்மாள். வெள்ளத்தில் இறந்தபோது வயது எண்பத்தொன்று. கட்டிலோடு இருந்தார்.

நவம்பர் 9

நான்கு. ரஞ்சிதத்திடம் சொன்னேன். அவள் அரிசி களைந்துகொண்டிருந்தாள். களைந்து முடித்து, உலையில் போட்டு, தட்டால் மூடினாள். "வாசல்ல உக்காரலாம்னு இருந்தேன்" என்றாள்.

நவம்பர் 12

மூன்று படிகள்.

சம்மதக் கையெழுத்துக் கூட்டம். இந்த வரைபடம் உறுதியாக எண்பது கையெழுத்து சேர்ந்தால் போதும். கதவுகளைச் சாத்தியும் மழைச் சத்தம் உள்ளே கேட்டது. யாரும் என் முழங்கையைப் பிடித்துத் தூக்கவில்லை. நானாக எழுந்தேன்.

என் கோரிக்கையைத் திரும்பப் பெறுகிறேன் என்றேன். கட்டடத்தை உயர்த்தச் சொல்லிக் கேளுங்கள், கீழே தூண் வைக்கச் சொல்லுங்கள், தரைத்தளத்தில் யாரும் படுக்கக் கூடாது என்றேன். நின்றபடி குரல் உடையாமல் சொன்னேன் என்று நினைக்கிறேன். ரஞ்சிதம் உடைந்தது என்கிறாள்.

பின்வரிசையிலிருந்து ஒருவர், "பனை சார் பல்டி அடிச்சிட்டாரு டோய்!" என்றார். இன்னொருவர், கட்டுமான நிறுவனம் எனக்கு ஏதோ கொடுத்திருக்கும் என்றார். உயர்த்திக் கட்டினால் அவர்களுக்குத்தானே லாபம் என்று அவரே விளக்கமும் சொன்னார். தேவசகாயம் மட்டும் எழுந்து, "சார் சொல்றது நிஜம். எங்க வீட்டுச் சுவத்துல கோடு இருக்கு, யார் வேணா வந்து பாக்கலாம்" என்றார். பவுனம்மா அவரை உட்காரச் சொல்லவில்லை. மேசையில் இருந்த படிவங்களையே பார்த்துக்கொண்டிருந்தார்.

சக்கர நாற்காலியில் இருந்த வயதான பெண் ஒருவர் என்னைக் கைகாட்டிக் கூப்பிட்டார். "நீங்களே சொல்லுங்க. தண்ணி வந்தா எதுவரைக்கும் வரும்? கட்டில் ஒசரமா, ஜன்னல் ஒசரமா? அதுக்கேத்த மாதிரி நான் முடிவு பண்ணிக்கிறேன்."

என் சட்டைப் பையில் எண் எழுதிய தாள் இருந்தது. அது ஒரு முறை வந்த தண்ணீரின் அளவு. அடுத்த முறையின் அளவு அல்ல.

"எனக்குத் தெரியாதும்மா" என்றேன்.

"அப்ப எதுக்குப் பயமுறுத்தறீங்க?" என்றார். பேனாவைக் கேட்டு வாங்கிக்கொண்டார்.

தொண்ணூற்றெட்டுக் கையெழுத்துகள். தரைத்தளத்து இருபத்து நான்கில் பத்தொன்பது. எங்கள் பெயருக்கு எதிரே இருந்த கட்டத்தில் ரஞ்சிதம் கையெழுத்துப் போடாமல் ஒரு கோடு இழுத்துவிட்டு, படிவத்தை அடுத்தவருக்குத் தள்ளினாள்.

நவம்பர் 13

இரண்டு படிகள். மேலே ஏரியில் தண்ணீர் திறந்துவிட்டிருப்பதாக ஒலிபெருக்கி வைத்த ஆட்டோ ஒன்று சொல்லிக்கொண்டே போகிறது. தேவசகாயத்தைத் தையல் இயந்திரத்தோடு மேலே வரச் சொன்னேன். கீழே போய்ச் சொன்னேன். எங்கள் கட்டடத்தின் மற்ற ஐந்து தரைத்தள வீடுகளுக்கும் போனேன். இரண்டு வீட்டார் வந்தார்கள். மூன்று வீட்டார், "எத்தனை படி சார் தெரியுது?" என்று கேட்டார்கள். பதில் சொல்லாமல் மூட்டையைத் தூக்குங்கள் என்றேன். சிரித்தார்கள். மறுபடியும் போகப் போகிறேன்.

அதற்கு முன், கோரிக்கையைத் திரும்பப் பெறுவதாக அதிகாரிக்கு எழுதிய கடிதத்தை முடித்துவிட்டேன். கையெழுத்துகள் போதுமான அளவு சேர்ந்துவிட்ட பிறகு இதை யார் படிப்பார்கள் என்று தெரியவில்லை. அலுவலகம் திறந்ததும் நேரில் கொடுக்க வேண்டும். "நானும் வரேன், மூணு மாடிதானே" என்கிறாள் ரஞ்சிதம். கடிதத்தின் கடைசிப் பத்தியை இங்கும் எழுதி வைக்கிறேன்:

ஆற்றங்கரையின் உயரம் குறித்து நான் சொன்ன மூன்றாவது கருத்து தவறு. தரையிலிருந்து அளக்கச் சொன்னேன். தண்ணீரிலிருந்து அளக்கச் சொல்லியிருக்க வேண்டும்.